நீலத் திரையா, பெட்டியின் எழுத்தா?

திருகோணமலை உப்புவெளியில் அம்மம்மா வீட்டில் இருப்பது 21 அங்குலப் பழைய ரீவி. முன்னால் வளைந்த கண்ணாடி, பின்னால் புடைத்த முதுகு. முதல் ரீவி சுனாமியில் போய்விட்டது. 2005இல் மாமா இதை வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து அதே மேசை, அதே மூலை. பார்வை மங்கிய பிறகும் அம்மம்மாவின் விரலுக்கு அதன் பொத்தான்கள் ஒவ்வொன்றும் தெரியும். மெல்லிய புது ரீவி ஒன்று எடுத்துத் தருகிறோம் என்று பலமுறை கேட்டுப் பார்த்தோம். "இது வேலை செய்யுதுதானே தம்பி" என்பதுதான் ஒவ்வொரு முறையும் பதில். அவர் சொல்வது நியாயம். படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது, அதைக் கண்ட இடத்தில் போட்டு உடைக்கவும் முடியாது. ஓடும்வரை ஓடட்டும் என்று முடிவெடுத்தோம். அதனால் அந்த ரீவிக்குச் சனல் கொண்டுவரும் பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்னுடையதாகிவிட்டது.

நான் ரீவி திருத்துபவன் இல்லை. ஆறேழு வருடமாக இந்த ஒரு ரீவியோடும் அதில் மாட்டிய மூன்று பெட்டிகளோடும் பட்ட பாட்டில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். அயலில் நாலைந்து வீடுகளில் படம் வரவில்லை என்று ரீவியையே தூக்கிப் போட்டதைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் பாதியாவது தேவையில்லாமல் போனவை.

முதல் பெட்டி கனடாவிலிருந்து வந்தது. ஊருக்கு வந்த சித்தி பாசத்தோடு கொண்டுவந்தார். கனடாவின் பெரிய நகரங்களில் 2011 ஆகஸ்ட் 31ஆம் திகதியோடு அனலொக் ஒளிபரப்பை நிறுத்தினார்கள். பழைய ரீவி வைத்திருந்தவர்கள் அப்போது வாங்கிய கன்வேர்ட்டர் பெட்டிகளில் ஒன்று அது. அன்டெனாவில் வரும் டிஜிட்டல் அலையை வாங்கி, பழைய ரீவிக்குப் புரியும் படமாக மாற்றிக் கொடுக்கும். சித்தி வீட்டில் அது சும்மா கிடந்ததாம்.

பிளக்கில் குத்துவதற்கு முன் அடப்டரின் அடியில் இருந்த பொடி எழுத்தைக் கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். அன்று அந்தப் பெட்டியைக் காப்பாற்றியது அதுதான். உள்வரும் மின்சாரம் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் என்று இருந்தது. எங்கள் சுவரில் வருவது 230 வோல்ட். குத்தியிருந்தால் அடப்டர் அந்த இடத்திலேயே கருகியிருக்கும். கைப்பேசிச் சார்ஜர்களில் 100 முதல் 240 வரை என்று எழுதியிருக்கும், அவை எங்கும் வேலை செய்யும். எல்லா அடப்டரும் அப்படியில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த எந்தச் சாமானானாலும் அந்த ஒரு வரியை வாசித்துவிட்டு மாட்டுங்கள்.

பெட்டிக்கு வேண்டியது 12 வோல்ட் என்று அதன் முதுகில் இருந்தது. பழைய ரவுட்டரின் அடப்டர் ஒன்று பொருந்தியது. மாட்டினோம், மெனு வந்தது, ஆனால் கறுப்பு வெள்ளையில். பெட்டி கெட்டுவிட்டது என்று சித்திக்கு முகம் வாடிவிட்டது. பெட்டியில் பிழை இல்லை. வட அமெரிக்காவில் படம் போகும் முறை என்டிஎஸ்சி (NTSC), நம் நாட்டில் பால் (PAL). இரண்டிலும் நிறத்தைச் சுமந்து வரும் அலை வேறுவேறு. ரீவியின் மெனுவில் நிற முறை என்ற இடத்தில் யாரோ பால் என்று பூட்டி வைத்திருந்தார்கள். அதை ஓட்டோ என்று மாற்றியதும் நிறம் வந்துவிட்டது. ஆசியச் சந்தைக்கென்று வந்த பழைய ரீவிகள் பலவற்றில் இந்த வசதி இருக்கிறது. படம் தெளிவாக இருந்து நிறம் மட்டும் இல்லையென்றால் முதலில் பார்க்கவேண்டிய இடம் அது.

நிறம் வந்தும் சனல் ஒன்றுகூட அகப்படவில்லை. தேடு என்று கொடுத்தால் பூச்சியம் என்று காட்டிவிட்டு நிற்கும். அன்டெனாவைத் திருப்பினோம், கூரைமேல் ஏற்றினோம், ஒரு பின்னேரம் முழுக்க அதிலேயே போனது. அன்டெனாவில் ஒரு குறையும் இல்லை. கனடாவின் டிஜிட்டல் ஒளிபரப்பு ஏடிஎஸ்சி என்ற முறை. லண்டனிலிருந்து வரும் பெட்டிகள் டிவிபி-டி. நம் நாடு 2014இல் தேர்ந்தெடுத்தது ஜப்பானின் ஐஎஸ்டிபி-டி. மூன்றும் டிஜிட்டல்தான், ஆனால் ஒன்றின் பெட்டிக்கு மற்றதன் அலை புரியாது. அதோடு இங்கே வீட்டு அன்டெனாவுக்கு வந்துகொண்டிருப்பது பழைய அனலொக். அதற்கு ரீவியே போதும், பெட்டியே வேண்டாம். வெளிநாட்டு உறவுகள் கேட்டால் இந்தப் பெட்டிகளைக் கொண்டுவர வேண்டாம் என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள். அவர்களின் பயணப் பெட்டியில் அது பிடிக்கும் இடத்துக்கு நல்ல மருந்தெண்ணெய் நாலு போத்தல் வரும்.

பிறகு டிஷ் பூட்டினோம். அம்மம்மாவுக்கு நேத்ராவும் சக்தியும் வசந்தமும் தெளிவாக வரவேண்டும், கோயில் திருவிழா நேரத்தில் நேரடி ஒளிபரப்பு வரவேண்டும், அவ்வளவுதான். டிஷ்ஷோடு வந்த பெட்டியில் ரீவிக்குப் போகும் துளைகள் இரண்டு. ஒன்று எச்டிஎம்ஐ, அது பழைய ரீவிக்கு ஆகாது. மற்றது கைப்பேசி இயர்போன் துளை மாதிரி ஒரு வட்டத் துளை. அதில் ஒரு முனையில் ஒற்றை ஊசியும் மறுமுனையில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று முனையும் கொண்ட வயரை மாட்டவேண்டும். மஞ்சளில் படம், வெள்ளையிலும் சிவப்பிலும் சத்தம்.

முதல் வருடம் நன்றாகப் போனது. அடுத்த ஐப்பசியில் ஒரு நாள் அம்மம்மாவின் அழைப்பு. "தம்பி, ரீவியில ஒண்டும் வருகுதில்லை." ஒன்றும் வரவில்லை என்றால் என்ன? திரை கறுப்பா, நீலமா, புள்ளி புள்ளியாக இரைகிறதா, ஏதாவது எழுத்து நிற்கிறதா? எனக்கு அப்போது கேட்கத் தெரியவில்லை. வேலையை விட்டுவிட்டு ஓடிப்போனேன். பார்த்தால் சுத்தமான நீலத் திரை, மூலையில் ரீவியின் எழுத்தில் ஏவி, அதாவது வெளிப் பெட்டியின் வயர் மாட்டும் வழி, என்று மட்டும் இருந்தது. டிஷ்ஷில்தான் கோளாறு என்று நினைத்துக் கூரையில் ஏறி, ஒழுங்காக நின்ற டிஷ்ஷை அசைத்து, ஒரு பிரச்சினையை இரண்டாக்கிவிட்டு இறங்கினேன்.

அன்று புரிந்துகொண்டது இதுதான். திரையில் தெரிவது யாருடைய குரல் என்று முதலில் பார்க்கவேண்டும். ரீவி பேசும், பெட்டியும் பேசும். பெட்டி தனக்கென்று ஒரு எழுத்தும் ஒரு கட்டமும் வைத்திருக்கிறது. சிக்னல் இல்லை என்று பெட்டியின் எழுத்தில் செய்தி வந்தால், அந்தச் செய்தி பெட்டியிலிருந்து வயர் வழியாக ரீவிக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அப்படியென்றால் ரீவி சரி, வயர் சரி, பெட்டிக்குக் கரண்ட் சரி. குறை டிஷ் பக்கம். வெறும் நீலம், அல்லது புள்ளிகள் இரைவது ரீவியின் குரல். எனக்கு யாரும் எதுவும் அனுப்பவில்லை என்று அது சொல்கிறது. அப்போது கூரைக்குப் போகவே தேவையில்லை. பெட்டியிலோ, பெட்டிக்கும் ரீவிக்கும் நடுவிலோதான் தேடவேண்டும். சந்தேகமாக இருந்தால் பெட்டியின் ரிமோட்டில் மெனுப் பொத்தானை அழுத்துங்கள். மெனு திரையில் வந்துவிட்டால் உள்ளே எல்லாம் சுகம்.

நீலத் திரைக்கு நான் பார்த்த காரணங்களில் பெரும்பாலானது ரிமோட்டில் ஏவிப் பொத்தான் தவறுதலாக அழுத்துப்பட்டது. ரீவிக்குப் பின்னால் ஒரு ஏவி, முன்னால் மூடிக்குள் இன்னொரு ஏவி. வயர் ஒன்றில் இருக்கும், ரீவி மற்றதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அதே பொத்தானை ஒவ்வொரு தடவையாக, நாலு வினாடி விட்டு விட்டு அழுத்திப் பார்க்கவேண்டும். வேகமாக அழுத்தினால் சரியான இடத்தைத் தாண்டிப் போய்விடுவோம்.

ஆனால் அந்த ஐப்பசி நாளில் பிழை வயரில். ஊசிக்குக் கிட்ட மடங்கி மடங்கி உள்ளே அறுந்திருந்தது. கையால் கொஞ்சம் திருகினால் படம் ஒரு மின்னல் மாதிரி வந்து போகும். டவுனுக்குப் போய் மத்திய வீதியில் ஒரு கடையில் புது வயர் வாங்கிவந்து மாட்டினேன். சத்தத்துக்குப் பதில் உறுமல், படத்துக்குப் பதில் கறுப்பு. புது வயர்தானே, அதில் பிழை இருக்காது என்று நம்பி, பெட்டியைச் சந்தேகிக்கத் தொடங்கினேன்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் கடைகளில்கூட இதை யாரும் சொல்வதில்லை. அந்த ஒற்றை ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையம் அதை நாலு துண்டாகப் பிரித்திருக்கும். நுனி ஒன்று, நடுவில் இரண்டு, அடி ஒன்று. நாலில் ஒன்று படம், இரண்டு சத்தம், ஒன்று எல்லாவற்றுக்கும் பொதுவான எர்த். எந்தத் துண்டில் எது என்பதில் எல்லாத் தயாரிப்பாளரும் ஒரே வழியில் போவதில்லை. சில வயர்களில் எர்த் மூன்றாவது துண்டில், சிலவற்றில் அடியில். பார்வைக்கு இரண்டும் ஒரே அச்சு.

எர்த் ஒரே இடத்தில் இருந்து, மற்ற மூன்றும் மட்டும் இடம் மாறியிருந்தால் வயரை எறிய வேண்டாம். ரீவியின் மஞ்சள் துளையில் மஞ்சளைக் கழற்றிவிட்டுச் சிவப்பை மாட்டுங்கள், பிறகு வெள்ளையை மாட்டுங்கள். ஏதோ ஒன்றில் படம் வந்துவிடும். மிச்ச இரண்டும் சத்தம். நிறம் ஒரு அடையாளம்தான், உள்ளே ஓடுவது வெறும் செம்பு. எர்த்தே இடம் மாறியிருந்தால் எதை எங்கே மாற்றினாலும் உறுமல்தான் வரும். என்னுடைய புது வயர் அந்த வகை. இதை உறுதிசெய்ய மல்டிமீற்றர் ஒன்று போதும். அதைச் சத்தம் போடும் நிலையில் வைத்து, ஒரு ஊசியை மஞ்சள் முனையின் வெளி வளையத்தில் தொட்டு, மற்ற ஊசியால் நாலு துண்டையும் ஒவ்வொன்றாகத் தொட்டேன். பழைய வயரில் மூன்றாவது துண்டில் பீப் என்றது. புதியதில் அடித் துண்டில். பழைய வயரைக் கையில் கொண்டுபோய்க் கடைக்காரரிடம் மீற்றரால் தொட்டுக் காட்டினேன். அவர் நாலைந்து வயரை எடுத்துப் போட்டார், ஒன்று பொருந்தியது. பழையதை எறியாமல் கையில் கொண்டுபோனதால்தான் அந்த வேலை பத்து நிமிடத்தில் முடிந்தது.

இன்னொன்று. ஒற்றை ஸ்பீக்கர் ரீவியில் சத்தத்துக்கு வெள்ளைத் துளை மட்டும் இருக்கும். சிவப்பைச் சும்மா விட்டால் சில நிகழ்ச்சிகளில் பாட்டு கேட்கும், பேசுவது மெலிதாகிவிடும். பெட்டியின் மெனுவில் ஸ்டீரியோவை மோனோ என்று மாற்றினால் இரண்டும் ஒன்றாகி வரும்.

கச்சான் காற்றுக் காலத்தில் வேறொரு வருத்தம். பகலெல்லாம் வீட்டுக்குள் அனல். பின்னேரம் ஆனால் பெட்டி தானாக அணைந்து அணைந்து பற்றும். அதோடு பாதிச் சனல் வரும், பாதி வராது. பாதி வருகிறதே, அப்படியென்றால் டிஷ் கோணம் கொஞ்சம் விலகியிருக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் இந்தமுறை கூரைக்கு ஏறவில்லை. ஒரே கேபிள் வழியாகப் பெட்டிதான் மேலே டிஷ்ஷின் முகத்தில் அலையை வாங்கும் சின்னக் கருவியான எல்என்பிக்குக் கரண்டும் அனுப்புகிறது. 13 வோல்ட் அனுப்பினால் அது செங்குத்து அலையை எடுக்கும், 18 வோல்ட் அனுப்பினால் கிடை அலையை எடுக்கும். அடப்டர் களைத்துப்போனால் 18க்கு ஏற முடியாமல் தவிக்கும், அந்தப் பக்கத்துச் சனல்கள் மட்டும் காணாமல் போகும். அடப்டரைத் தனியே அளந்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டியது. பெட்டியில் மாட்டி ஓடவிட்டு அளந்தபோது 10க்குக் கீழே இறங்கியது. தனியே அளந்து ஏமாறவேண்டாம், சுமை ஏற்றி அளக்கவேண்டும்.

புது அடப்டர் வாங்கும்போது வோல்ட் அச்சொட்டாக அதே அளவு, அம்பியர் அதே அளவு அல்லது கூட, ஊசியின் நடுப்பகுதி பிளஸ்ஸா மைனஸ்ஸா என்ற வட்டக் குறி அதே மாதிரி. மூன்றும் பொருந்தவேண்டும். அதோடு பெட்டியை ரீவியின் தலைமேல், பின்னல் துணி விரித்து வைத்திருந்தோம். அடியில் இருந்த காற்றுத்துளை எல்லாம் அந்தத் துணியால் அடைபட்டிருந்தது. அம்மம்மா கையால் பின்னிய துணி அது. மனமில்லாமல்தான் எடுத்தார். இப்போது அது ரீவிக்குக் கீழே மேசையில் இருக்கிறது, பெட்டி பக்கத்தில் தனிப் பலகையில்.

வாடைக்காற்றோடு மழை தொடங்கினால் டிஷ் பக்கத்துக் கதை தொடங்கும். பெரு மழை கொட்டும்போது படம் கட்டம் கட்டமாக உடைந்து போவது இயல்பு. மழைத்துளிகள் அலையை விழுங்கிவிடுகின்றன. மழை விட்டதும் வந்துவிடும், எதையும் தொடவேண்டாம். மழை விட்டும் வராமல், அடுத்த நாள் வெயில் ஏறி உச்சிக்கு வரும்போது தானாக வந்தால், கேபிளுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. எங்கள் வீட்டில் இரண்டு மார்கழி இப்படியே போனது. மூன்றாவது வருடம் பக்கத்து வீட்டுத் தம்பி ஏணியைப் பிடிக்க, நான் ஏறினேன். எல்என்பியோடு கேபிள் சேரும் இடத்தில் திருகு முனையைக் கழற்ற முடியவில்லை, உப்புக் காற்றில் இறுகிப்போயிருந்தது. குறடால் பிடித்துத் திருப்பினால் வெள்ளை மாவு மாதிரி உதிர்ந்தது. உள்ளே நடுச் செம்புக் கம்பி கறுத்து, அதைச் சுற்றி பச்சைக் களிம்பு. வெளி உறையைக் கொஞ்சம் கீறினேன், பின்னல் கம்பிக்குள்ளிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் விரலில் விழுந்தது. அதற்குமேல் எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

இரண்டு முழம் வெட்டினேன், செம்பு பளிச்சென்று தெரிந்தது. அங்கே புது முனை போட்டு, தானாக ஒட்டிக்கொள்ளும் றபர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றினேன். அப்படிச் சுற்றினால் ஓடு போட்ட மாதிரி மேல்சுற்று கீழ்ச்சுற்றை மூடும், தண்ணீர் இடையில் போகாது. சாதாரணக் கறுப்பு இன்சுலேஷன் டேப் எங்கள் வெயிலில் ஒரு வருடம்கூட நிற்காது, பசை உருகி அவிழ்ந்துவிடும். கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்துக்கு முன்னால் கீழே தொங்க ஒரு வளைவு விட்டேன். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், சுவருக்குள் போகாது. இவ்வளவும் செய்யும்போது பெட்டியின் பிளக் கழற்றியிருந்தது. 18 வோல்ட் ஆளைக் கொல்லாது, ஆனால் நடுக் கம்பி பின்னலோடு உரசினால் பெட்டியைக் கெடுத்துவிடக்கூடும். பிளக் குத்தியிருக்கும்போது திருகு முனையைத் தொட்டால் விரலில் சுள்ளென்று ஒரு எறும்புக்கடி வரும் வீடுகளும் உண்டு, எர்த் இல்லாத இணைப்பில் அது நடக்கும். ஏணியில் நிற்கும்போது அந்தச் சுள் போதும், கால் வழுக்க.

ரீவியின் பின்மூடியை மட்டும் திறக்காதீர்கள். நிறப் படக்குழாயில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும், பிளக்கைக் கழற்றிய பிறகும் அது தேங்கி நிற்கும். அது தொழில் தெரிந்தவரின் வேலை.

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி இங்கே புதிதல்ல. இருட்டிக்கொண்டு வந்தால் பிளக்கைக் கழற்றுவதோடு டிஷ் கேபிளையும் பெட்டியிலிருந்து கழற்றவேண்டும். பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு நிம்மதியாக இருந்த ஒரு வீட்டில், கேபிள் வழியாக வந்து பெட்டியும் ரீவியும் சேர்ந்து போனதை நேரில் பார்த்தேன். இடி கிட்டே வந்துவிட்டால் கேபிளில் கை வைக்கவும் கூடாது, முன்கூட்டியே செய்யவேண்டும்.

சென்ற வருடம் பெட்டி மாறியது. புதியதில் எச்டிஎம்ஐ மட்டும்தான். இனி ரீவியை மாற்றத்தான் வேண்டும் என்றார்கள். தேவைப்பட்டது ஒரு சின்ன மாற்றி. வாங்கும்போது கவனிக்க வேண்டியது திசை. எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு என்று ஒன்று, ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு என்று இன்னொன்று. இரண்டும் ஒரே அளவு, ஒரே துளைகள். மாறி வாங்கினால் ஒன்றும் நடக்காது. அதற்குத் தனியாக 5 வோல்ட் கரண்டும் வேண்டும், பழைய கைப்பேசிச் சார்ஜர் போதும். பக்கத்தில் நகத்தால் தள்ளும் ஒரு சின்ன சுவிட்ச், பால் ஒரு பக்கம், என்டிஎஸ்சி மறுபக்கம். சித்தியின் பெட்டி சொல்லித் தந்த பாடம் அங்கே கைகொடுத்தது. படம் மேலும் கீழும் கறுப்புப் பட்டையோடு சிறிதாக வந்தது. பெட்டியின் மெனுவில் திரை அளவை 4:3 என்று மாற்றி, செய்தியின் அடியில் ஓடும் எழுத்தை அம்மம்மா வாசிக்கும் அளவுக்குக் கொண்டுவந்தேன்.

ரிமோட் இரண்டிலும் தேவையான பொத்தான்களுக்கு மட்டும் நகப்பூச்சால் பொட்டு வைத்தேன். ரீவி ரிமோட்டில் ஏவிக்குச் சிவப்பு, பெட்டி ரிமோட்டில் மெனுவுக்கு வெள்ளை. நீலம் வந்தால் சிவப்புப் பொட்டு, சந்தேகம் வந்தால் வெள்ளைப் பொட்டு. அம்மம்மா நாலைந்து முறை அழுத்திப் பார்த்துப் பழகிக்கொண்டார்.

போன மாதம் சீனன்குடாவில் வேலையில் நிற்கும்போது அழைப்பு வந்தது. "தம்பி, நீலம் இல்லை, பெட்டியின்ர எழுத்துத்தான் நிக்குது. வெள்ளைப் பொட்டை அமத்தினன், மெனு வருகுது. மழையும் இல்லை. வேப்பமரம் அந்தப் பக்கம் நல்லா வளந்துபோச்சு, அதைப் போய்ப் பார்."

ஞாயிற்றுக்கிழமை கத்தியோடு போனேன். எங்கள் டிஷ் மேற்குப் பக்கம் பார்த்து நிற்கிறது, அதன் முகத்துக்கு நேரே மூன்று கொப்பு.